ரம்பொடை இறக்கத்தில் விட்டுவந்த மெஷின்

1

சென்ற வாரம், மார்கழியில் வரும் தோமையார் திருநாள். சாந்தோம் கோயிலில் பாட்டுப் பூசை முடிந்து, குப்பத்து ஜனங்கள் புதுத்துணி உடுத்திக்கொண்டு ரோட்டை அடைத்து நின்றிருப்பார்கள். யார் வீட்டுப் பெண் யாருடைய புடைவையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள் என்பது வரைக்கும் பேசித் தீர்த்திருப்பார்கள். அதே நாளில் நானும் என் வீட்டுக்காரரும் மகள் ஸ்டெல்லாவும் ஒரு குட்டிப் பிக்கப் வண்டியில் ஏறி, பின்னால் காலி ட்ரெயிலர் ஒன்றைக் கட்டிக்கொண்டு, மலைச்சரிவில் கிடக்கும் ஓர் இரும்புச் சக்கரத்தைத் தேடிப் போனோம். அது அங்கே விழுந்து சரியாக ஒரு வருஷம் ஆகிறது.

சிலோனில் இருப்பவர்கள் எல்லோரும் தேயிலைப் பெட்டியில் பணத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று மதராஸில் இன்னும் நம்புகிறார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் என் கழுத்தைப் பார்க்கிறார்கள், பிறகுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

2

நுவரெலியா பஜாரில் எங்களுக்கு ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அச்சுக்கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே அறை, காலால் மிதித்து ஓட்டும் ஒரே மெஷின், தமிழும் இங்கிலீஷுமாக ஈய எழுத்துப் பெட்டிகள், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தோட்டத்துக் கடைகளின் ரசீதுப் புத்தகம் எல்லாம் அடிப்போம். என் வீட்டுக்காரர் எழுத்துக் கோத்து மிதிப்பார். நான் பிழை பார்த்துத் தைப்பேன். எனக்குப் பிழை பொறுக்காது. இந்தக் குணத்தால் அச்சுக்கூடத்தில் நல்ல பெயரும் வீட்டில் கெட்ட பெயரும் வாங்கினேன்.

அந்த மெஷின் எங்கள் ஊர்க்காரி. மயிலாப்பூர் குளத்துப் பக்கத்தில் மூடிப்போன ஓர் அச்சகத்தில் வாங்கி, கப்பலும் ரயிலும் மாற்றி மலைக்கு ஏற்றியது. கல்யாணமான புதிதில் எனக்கு நகை செய்வதற்கு முன்னால் அவர் இதைத்தான் வாங்கினார். நானும் சண்டை போடவில்லை. இதை மிதிக்கிற வரைக்கும் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லை அது பல வருஷம் காப்பாற்றியது.

பிறகு இங்கே சுதந்திரம் வந்தது. அதன் பின்னாலேயே புதுச் சட்டமும் வந்தது. யார் இந்த நாட்டார், யார் இல்லை என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். கடை லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் வீட்டுக்காரரிடம் ஊர் கேட்டார். சாந்தோம் என்று இவர் சொன்னார். பேரைக் கேட்டு, நீர்கொழும்புப் பக்கம் ஏதோ மீனவர் கிராமம் என்று எண்ணிக்கொண்ட அந்த மனிதர் முகம் மலர்ந்து, "அப்போ நம்ம ஆள்தானே?" என்றார். மதராஸ் என்று தெரிந்ததும் மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. அப்பா பிறந்த ஊர், தாத்தா பிறந்த ஊர், அதற்கு அத்தாட்சி என்று வரிசையாகக் கேட்டார். என் மாமனாருடைய அப்பா எங்கே பிறந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. லைசென்ஸ் வரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஸ்டெல்லா பிறந்தது இந்த மலையில். அவளுக்கும் அதே "பார்க்கலாம்"தான்.

"போதும் மேரி, மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விடுவோம்" என்று ஒருநாள் அவர் சொன்னார். மாம்பலத்தில் பாண்டிபஜார் பக்கம் ஒரு கடை காலியாக இருப்பதாக என் தம்பி லூர்து எழுதியிருந்தான். வருஷப் பிறப்புக்குள் வந்தால் நமக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. மெஷினோடு போனால் சொந்தக் காலில் நிற்கலாம். மெஷின் இல்லாமல் போனால் சாந்தோமில் தம்பி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, தம்பி பெண்டாட்டி எப்போது தட்டு வைப்பாள் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வழி எங்களுக்கு இல்லை.

3

எங்களை அழைத்துப்போக லூர்துவே வந்தான். அவன் மதராஸில் பஸ் டிரைவர். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ் ஓடியதே, அந்தக் காலத்தில் பேர் வாங்கியவன். அடையாறு பாலத்து உச்சிக்கு வண்டி ஏறியதும் எஞ்சினை அணைத்து, கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிடுவான். வண்டி சத்தமில்லாமல் இறங்கி, தானாகவே உருண்டு போகும். எவ்வளவு தூரம் போகிறது என்று டிரைவர்களுக்குள் போட்டியே உண்டு. பெட்ரோலுக்கு ரேஷன் வந்த நாளிலிருந்து மதராஸ் டிரைவர்களுக்கு இது ஒரு வித்தை. நல்ல டிரைவர் என்றால் எஞ்சினை அணைக்கத் தெரிந்தவன் என்றே அர்த்தம் ஆகிவிட்டது.

சண்டை முடிந்த மறுவருஷம் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது நானே அந்த பஸ்ஸில் போனேன். பாலத்து இறக்கத்தில் பஸ் மௌனமாக வழுக்கிக்கொண்டு போக, ஜன்னலில் ஆற்றுக் காற்று அடிக்க, பின் சீட்டுக்காரர்கள் "அப்டித்தான் நைனா, வுட்றாத!" என்று கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிஷம் நான் மதராஸ்காரியாகவே இருந்தேன்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. சாந்தோம் வீட்டில் மீன்குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்த ஸ்டெல்லா, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நம்ம ஊருக்கு எப்ப போறோம்?" என்று கேட்டாள். என் தம்பி பிள்ளைகள் சிரித்தன. அவள் பேசும் தமிழே அவர்களுக்கு வேடிக்கை. வாயைத் திறந்தால் "சிலோன் பொண்ணு, சிலோன் பொண்ணு" என்று கும்மாளம் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அங்கே வாயே திறக்கவில்லை. மலைக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பியதாசாவின் பெண்களோடு சிங்களத்தில் மடைதிறந்த மாதிரி பேசித் தீர்த்தாள். ஊருக்கே போய்விடுவது என்று நாங்கள் முடிவு செய்த அன்று அவள் சாப்பிடவில்லை. காரணம் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

4

அந்த மார்கழியில் மழை கொட்டித் தீர்த்தது. ரயில் பாதையில் மண் சரிந்து சரக்கு வண்டிகள் நின்றுபோயின. எப்போது ஓடும் என்று கேட்டால் அங்கேயும் "பார்க்கலாம்". கண்டி வரைக்கும் மெஷினை ரோட்டில் கொண்டுபோய்விட்டால் அங்கிருந்து ரயிலில் ஏற்றலாம் என்று தீர்மானித்தோம். காய்கறி வியாபாரி பியதாசா தன் பிக்கப் வண்டியைக் கொடுத்தார். அந்தக் குட்டி வண்டிக்குள் மெஷின் அடங்காது. ஆகவே மெஷினை ஒரு ட்ரெயிலரில் நிறுத்திக் கட்டி, எழுத்துப் பெட்டிகளைப் பிக்கப்பில் அடுக்கினோம்.

பியதாசா தன் ஆளை ஓட்ட அனுப்புவதாகச் சொன்னார். லூர்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா மாமா இது? நா ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிக்கசொல்ல இன்னொருத்தன் ஓட்டுவானா? மெட்ராஸ்ல அம்மாம் பெரிய பஸ்ஸையே ஓட்டிக்கினு கீறேன்."

"அங்கே மலை இல்லியே லூர்து" என்றார் என் வீட்டுக்காரர்.

"வண்டி வண்டிதான் மாமா. ரோடு ரோடுதான்."

பியதாசா என்னிடம் வந்து, தெரிந்த தமிழில், "நோனா, கீழே போறப்போ கியர் எடுக்க வேணாம் சொல்லுங்க. கியர்தான் பிடிக்கும். பிரேக் பிடிக்காது" என்றார். நான் சொன்னேன். "தெரியும்க்கா, தெரியும்க்கா" என்று லூர்து தலையாட்டினான்.

ஊரைத் தாண்டியதும் முதலில் ஏற்றம். அந்தக் குட்டி வண்டி மெஷினை இழுக்க முடியாமல் மூச்சிரைத்தது. ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்தது. நானும் ஸ்டெல்லாவும் இறங்கி நடந்தோம். வண்டி நின்ற இடத்திலெல்லாம் டயருக்குப் பின்னால் கல்லை வைத்தோம், ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். ஏற்றம் முழுக்க லூர்து மலையைத் திட்டினான், வண்டியைத் திட்டினான், பெட்ரோல் எல்லாம் இங்கேயே தீர்ந்துபோகும் என்று புலம்பினான். உச்சிக்கு வந்ததும் அவன் முகம் தெளிந்தது.

அங்கிருந்து ரம்பொடை இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம், கொண்டை ஊசி மாதிரி வளைவுக்கு மேல் வளைவு. என் வீட்டுக்காரர் பிக்கப்பின் பின்னால் எழுத்துப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து, மெஷினைப் பார்த்தபடி வந்தார். நானும் ஸ்டெல்லாவும் லூர்துவின் பக்கத்தில் இருந்தோம். சட்டென்று எஞ்சின் சத்தம் நின்றது. காற்றும் டயர் உருளும் ஒலியும்தான் கேட்டன.

"பாத்தியாக்கா? எப்டி போவுது பாரு. ஒரு சொட்டு பெட்ரோல் செலவு கீதா?"

"லூர்து, கியர் போடுடா. பியதாசா சொன்னாரில்லே?"

"அவன் கெடக்கிறான். இம்மாம் நேரம் ஏறிச்சே, அந்த பெட்ரோலயெல்லாம் இப்ப வசூல் பண்ணிடறேன் பாரு."

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. அதற்குள் ரப்பர் கருகுகிற வாடை வந்துவிட்டது. பின்னாலிருந்து மெஷின் எங்களைத் தள்ள ஆரம்பித்தது. நாங்கள் அதை இழுத்துக்கொண்டு போகவில்லை, அது எங்களை ஓட்டிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் கூரையை டமடமவென்று தட்டினார். லூர்து பிரேக்கைத் தரைவரைக்கும் மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. கியரைப் பிடித்துக் குத்தினான். கறகறவென்று பல் உரசியதே தவிர விழவில்லை.

"வுழமாட்டேங்குதுக்கா, கியர் வுழமாட்டேங்குது!" என்று அழுதான்.

கடைசியில் வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பி மோதினான். அதில்தான் நாங்கள் பிழைத்தோம், அதை மறுக்கவில்லை. ஆனால் ட்ரெயிலர் சுற்றிக்கொண்டு போய், அதன் சக்கரங்கள் ரோட்டைவிட்டு இறங்கின. மெஷினோடு அது சரிவில் தொங்கியது. இரண்டையும் இணைத்த ஆணி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் குதித்து இறங்கினோம். பிக்கப்பின் பின்பக்கம் ஈர ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தை நோக்கி நகர்ந்தது. அதில் எங்கள் எழுத்தெல்லாம் இருக்கிறது. வண்டியோ பியதாசாவுடையது.

என் வீட்டுக்காரர் ஜாக்கிக் கம்பியை எடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று லூர்துவுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ மாமா, வாணாம் மாமா! யார்னா வருவாங்கோ, கவுறு போட்டு இஸ்துக்கலாம்!"

அவர் குனிந்து அந்த ஆணியைக் கீழிருந்து மேலாக அடித்தார். மூன்றாவதோ நான்காவதோ அடியில் அது தெறித்தது. ட்ரெயிலர் புரண்டு, கயிறு அறுந்து, மெஷின் தனியாக உருண்டது. உருளும்போது அதன் சக்கரம் சுற்றியது. மிதிகட்டை ஏறி இறங்கியது. யாரோ உட்கார்ந்து அவசர வேலை அடிக்கிற மாதிரியே இருந்தது. பிறகு மூடுபனிக்குள் போய்விட்டது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது.

அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார். லூர்து தலையில் அடித்துக்கொண்டான். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். "அம்மா, அப்ப நாம போகலையா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் துக்கம் இல்லை. பெற்றவளுக்கு அது தெரியாமல் போகுமா? அன்று மெஷின் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

5

லூர்து மட்டும் ஊருக்குத் திரும்பினான். சிலோன் ரோடு சரியில்லை, சிலோன் வண்டி சரியில்லை, தான் ஒருவன் இருந்ததால் நாலு உயிர் பிழைத்தது என்று லஸ் முனையில் நின்று சொல்கிறானாம். சாந்தோமில் அவனுக்கு இப்போது நல்ல மதிப்பு. மலையில் வண்டி ஓட்டியவன் அல்லவா! பாண்டிபஜார் கடையில் யாரோ ரிப்பனும் வளையலும் விற்கிறார்கள். "மெஷின் போனா போவுது, நீங்க வந்து எங்க கூடவே இருங்க" என்று அவன் எழுதுகிறான். உண்மையான பாசம்தான். அவன் பெண்டாட்டி அந்தக் கடிதத்தில் தன் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் இங்கே வேறொருவர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறார். எங்கள் ஈய எழுத்துகள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. வீடு பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெஷினை எடுக்கலாம் என்று கண்டியில் ஒரு பட்டறைக்காரர் சொன்னார். உடல் பிளந்திருந்தாலும் ஒட்டித் தருவேன், பெரிய சக்கரம் மட்டும் முழுசாக வேண்டும், அதை இங்கே வார்க்க முடியாது என்றார். சரி என்று எடுக்கக் கிளம்பினால், எடுக்க விடவில்லை. விழுந்த இடம் தோட்டத்து நிலம், துரையைக் கேள் என்றார்கள் ரோட்டுக்காரர்கள். ரோட்டிலிருந்து விழுந்த சாமான், ரோட்டுக்காரர்களைக் கேள் என்றது தோட்டத்து ஆபீஸ். போலீஸ்காரர், மெஷின் உன்னுடையது என்பதற்கு முன்னால் நீ யார் என்று காட்டு என்றார். ஒரு ஆபீஸில், இந்த நாட்டார் அல்லாதவருடைய பொருள் இந்த நாட்டு மண்ணில் விழுந்தால் அது யாருக்குச் சேரும் என்று இரண்டு குமாஸ்தாக்கள் எங்களை நிற்கவைத்துக்கொண்டே விவாதித்தார்கள். நடுவில் டீ குடித்தார்கள். அனுமதிச் சீட்டு கைக்கு வந்தபோது அடுத்த தோமையார் திருநாள் வந்துவிட்டது.

6

இந்தத் தடவை பியதாசாவே ஓட்டினார். இறக்கம் முழுக்க முதல் கியரில், எஞ்சின் காது கிழிய ஊளையிட, மாட்டு வண்டிகூட எங்களைத் தாண்டிப் போகும் வேகத்தில் இறங்கினார். அந்தச் சத்தம் எனக்கு இதமாக இருந்தது. அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். என் வீட்டுக்காரர் கையில் ஸ்பானரும், துரு இளக்க எண்ணெய்க் குவளையும் இருந்தன. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் அன்றுதான் வேகமாக நடந்து பார்த்தேன்.

போகப் போகப் பாதை தேய்ந்து சுத்தமாக இருந்தது. எங்களுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

சக்கரம் முழுசாகத்தான் இருந்தது. ஒரு பாறையில் சாய்த்து நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, செவ்வரளி மாலை போட்டிருந்தது. முன்னால் ஒரு சூலம், உடைத்த தேங்காய் மூடிகள், எரிந்த சூடத்தின் கறுப்பு. மிதிகட்டை படியாகக் கிடந்தது. அதன்மேல் வெற்றிலை.

கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் மேலிருந்து ஓடிவந்தாள். என் வயசுதான் இருக்கும்.

"ஐயா, தொட்டுறாதீங்கய்யா! அது ரோதை முனிங்க."

ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்கள் கையைக் காலை இழுத்துவிடாமல் இருக்க, தோட்டத்து ஜனங்கள் ரோதை முனி என்று ஒரு சாமியைக் கும்பிடுவார்கள். ரோதை என்றால் அவர்கள் பேச்சில் சக்கரம். நாங்களும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த முனிதான் ஸ்டோரை விட்டு இந்த வளைவுக்குக் காவலாக வந்து இறங்கியிருக்கிறது என்று அவள் சொன்னாள்.

"மழையில, பனியில, யாருமே இல்லாத நேரத்துல அதா வந்துச்சுங்க. அது வந்ததுக்கு அப்பறம் இந்த முடக்குல ஒரு வண்டி விழலீங்க. லொறிக்காரங்க எல்லாம் நிறுத்திக் காசு போட்டுட்டுத்தான் போறாங்க."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். என் பையில் அனுமதிச் சீட்டு, முத்திரை மேல் முத்திரையோடு இருந்தது. அதை எடுத்து நீட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அது எங்கள் சோறு. அது எங்கள் பாண்டிபஜார். எத்தனை வாசலில் நின்று வாங்கிய சீட்டு!

என் வீட்டுக்காரர் சக்கரத்தின் எதிரில் குந்தினார். மஞ்சளுக்கு அடியில் துரு ஏறியிருப்பதைப் பார்த்தார். துரு ஏறிய மெஷினைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, குவளையைச் சாய்த்து, நடுவிலிருந்து விளிம்புவரைக்கும் எண்ணெய் விட்டுக் கையால் தடவினார். அந்தப் பெண் கூடையை இறக்கிவைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேறு சமயமாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"புண்ணியமாப் போகுதுங்க. ஐயா எந்த ஊருங்க?"

இதே கேள்விக்குத்தான் வருஷக்கணக்காக மேஜை மேஜையாகப் பதில் சொல்லியிருக்கிறோம். யார் கேட்டாலும், அதனால் காரியம் கெட்டாலும், சாந்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர் அவர். அதை எதிர்பார்த்து நானும் நின்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சக்கரத்தைக் காட்டினார்.

"அதுக்கு எந்த ஊரோ, அதே ஊர்தாம்மா."

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. முனியின் எண்ணெயைத் தொட்டு ஸ்டெல்லாவின் நெற்றியில் வைத்தாள். ஸ்டெல்லா என்னைக் கேட்காமலே தலையைக் குனிந்து காட்டினாள். காலி ட்ரெயிலர் பின்னால் குதித்துக் குதித்து வர, மலையேறி வீட்டுக்கு வந்தோம். அந்த எண்ணெயைத் துடை என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் மூன்று பேரில் அவளையாவது இந்த ஊர் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.